பாதியில் நின்ற முள்

டிரைவர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே விருத்தாசலத்துக்குக் கோவிந்தம்மாள் அந்த முள்ளைக் காட்டிவிட்டார். காரில் ஏறாமல், ஜன்னல் வழியாகக் கையை விட்டு, டாஷ்போர்டின் இடது ஓரத்தில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"இதான் பெட்ரோல் முள்ளு. ஒனக்கு முன்னால இருந்தவன் ஒரு கேலன உருவிட்டான். நான் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கல. முள்ளே சொல்லிடுச்சி."

அவ்வளவுதான். சம்பளம், லீவு, தங்குகிற இடம் எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளை அப்பாதுரை பிறகு சொன்னார்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். கோவிந்தம்மாளுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலைப் பருப்பு எடுக்கிற மில் இருந்தது. புருஷன் போன பிறகு மில்லையும் அந்தக் காரையும் சேர்த்தே அவர்தான் பார்த்துக்கொண்டார். கார் பழசு. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரிடம் வாங்கியது. மைல் காட்டுகிற மீட்டர் வாங்கும்போதே செத்திருந்தது. சூடு காட்டுகிற முள் படுத்த இடத்தை விட்டு எழுந்ததில்லை. டாஷ்போர்டில் உயிரோடு இருந்தது பெட்ரோல் முள் ஒன்றுதான். அதன் இரண்டு கோடியிலும் இருந்த இங்கிலீஷ் எழுத்து அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பக்கம் சாய்ந்தால் காலி, அந்தப் பக்கம் சாய்ந்தால் முழுசு என்பது தெரியும். முள் கால்வாசிக்கு வந்தால் விருத்தாசலம் சொல்ல வேண்டும். அவர் கூட வந்து நின்று பெட்ரோல் போடச் சொல்வார். அதற்கு முன்னால் ஒரு சொட்டு கிடையாது.

விருத்தாசலத்துக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பனமலைப் பக்கத்துக்காரன். சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்ஸில் கிளீனராக இருந்து, புகையைத் தின்று தொழில் கற்றவன். அவனுக்குப் பெட்ரோல் வண்டி என்பதே ஒரு மரியாதை. மில்லுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். பெண்டாட்டி அம்சவள்ளிக்கும் மில்லின் களத்திலேயே பருப்பு பொறுக்குகிற வேலை. நாலு வருஷத்தில் முள்ளுக்கும் அவனுக்கும் ஒரு தகராறும் வந்ததில்லை.

ஐம்பத்து ஏழில், தீபாவளி கழிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, கார் விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் நின்றுபோயிற்று.

கோவிந்தம்மாளுக்கு விழுப்புரம் கோர்ட்டில் பதினோரு மணிக்கு வாய்தா. கொழுந்தனோடு நிலத் தகராறு. கூட்டேரிப்பட்டு தாண்டி கொஞ்ச தூரம் வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் இரண்டு இருமல் இருமி அடங்கிவிட்டது. விருத்தாசலம் முதலில் முள்ளைத்தான் பார்த்தான். சரியாகப் பாதியில் நின்றுகொண்டிருந்தது. அதனால் பெட்ரோல் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. பானெட்டைத் திறந்தான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பார்த்தான். காற்றுதான் வந்தது. அடைப்பு என்று நினைத்துத் திருப்பி ஊதினான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பின் சீட்டில் அம்மாள் விசிறிக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

"பெட்ரோலு இல்லியா?"

"பாதி டேங்க்கு காட்டுதுங்க."

கடைசியில் வேறு வழி தெரியாமல் ரோட்டோரப் புளியமரத்தில் ஒரு விளாரை ஒடித்து டேங்கில் விட்டுப் பார்த்தான். வெளியே எடுத்தபோது நுனி மட்டும் ஒரு விரற்கடைக்கு நனைந்திருந்தது. அந்த விளாரைக் கையில் பிடித்தபடியே நின்றான். அதை அம்மாளிடம் காட்டுவதா, தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. அவரே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டார். விளாரைப் பார்த்தார், பிறகு முன்சீட்டுக்கு மேலாக எட்டி முள்ளைப் பார்த்தார். சாவி போட்டபடியே இருந்ததால் முள் இன்னும் பாதியில்தான் நின்றது.

பின்னால் வந்த லாரிக்காரன் ஒருவன் நல்ல மனசோடு நிறுத்தி, டியூப் போட்டு ஒரு கேலன் கொடுத்தான். கொடுத்தவன் சும்மா போயிருக்கலாம். முள்ளை எட்டிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான்.

"இன்னாண்ணே, முள்ளக் கட்டி வெச்சிட்டியா? எங்க லைன்ல இது பழைய வித்தையாச்சே. முள்ளு அதும்பாட்டுக்கு நிக்கும், பெட்ரோலு அதும்பாட்டுக்குப் போவும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். விருத்தாசலமும் சிரிக்கப் பார்த்தான். பின் சீட்டில் அம்மாள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேஸைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று தள்ளி வைத்திருந்தார்கள். திரும்பும்போது விழுப்புரத்தில் இன்னொரு கேலன் மட்டும் போடச் சொன்னார் அம்மாள். மில் வாசலில் இறங்கி, சாவிக்குக் கையை நீட்டினார். நாலு வருஷத்தில் அவர் சாவி கேட்டது அதுதான் முதல் தடவை.

"செவ்வாக்கெழம விழுப்புரத்துல எலக்ட்ரிக் வேல பாக்கற சவுரிமுத்துகிட்ட காட்டலாம். அது வரைக்கும் முள்ளு மேல யாரும் கைய வைக்கக்கூடாது. யாராவது கைய வெச்சிருக்காங்கன்னு அவன் சொன்னா, வீட்டக் காலி பண்ணிடு. ஏன் எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன்."

கேட்க மாட்டேன் என்பதுதான் விருத்தாசலத்தை அதிகம் பயமுறுத்தியது. கேட்டால் பதில் சொல்லலாம். பெட்ரோல் திருடினான் என்று ஒரு மில்லிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட டிரைவருக்குத் திண்டிவனத்தில் மட்டும் அல்ல, விழுப்புரத்தில்கூட யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். அவனுக்கு முன்னால் இருந்தவன் இப்போது ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே களம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அப்பாதுரை, முள்ளை எப்படிக் கட்டுவது என்று தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தாராம். அம்சவள்ளி வேலை விட்டு வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க தொட்டீங்களா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்லன்னு சொல்றேன்ல."

"அப்பறம் ஏன் இப்படி வேர்த்துக்கினு ஒக்காந்திருக்கீங்க? தொடாதவன் தலைய நிமித்திக்கினு போய்ட்டு வரணும்." சற்று நிறுத்திவிட்டு, "வீரம்மா நெலமதான் நமக்கும் வரப்போவுது. எடுக்கலன்னு அவளுந்தான் கத்தினா. யாரு கேட்டா?" என்றாள்.

வீரம்மாள் மில்லில் கூட்டிப் பெருக்குகிறவள். ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், மில் கேட்டுக்கு அடிக்க வாங்கி வைத்த கறுப்புப் பெயிண்டில் பாதி டப்பா காணவில்லை என்று அப்பாதுரை கண்டுபிடித்தார். குடோனைக் கூட்டுவதற்கு அவளிடம்தான் சாவி இருந்தது. களத்தில் வைத்து எல்லார் முன்னாலும் அவளை நிற்கவைத்துக் கேட்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் கொடுத்த புடவையை மட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அம்சவள்ளிக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் பெயிண்டை எடுத்தது விருத்தாசலம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முதலாளியம்மா திருவக்கரைக்கு உறவுக்காரர்களோடு அவர்கள் வண்டியில் போயிருந்தார். இவன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். வெளியே எவ்வளவு தேய்த்தாலும், அடியில் துரு அப்பிக் கிடப்பது மனசை உறுத்தியது. குடோன் திறந்திருந்தது. வந்தவுடன் அம்மாளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் டப்பாவைத் திறந்தான். நாள் முழுக்க மல்லாந்து படுத்து, துரு தெரிகிற இடத்தையெல்லாம் சுரண்டி, பெயிண்டைக் குழைத்துக் குழைத்து அடித்தான். மறுநாள் சந்தனமும் மாலையுமாக வண்டி நின்றபோது அம்மாள் சுற்றி வந்து பார்த்து, தொரை வெச்சிருந்தப்பக்கூட இப்படி இருந்திருக்காது என்றார். அந்த நிமிஷத்தில், கேட்காமல் பெயிண்ட் எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். வீரம்மாளை நிற்கவைத்த அன்று அவன் ஸ்டேஷனுக்குப் பார்சல் எடுக்கப் போயிருந்தான். வந்து கேள்விப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. முடிந்ததைக் கிளறுவானேன் என்று ஒரு நாள் சும்மா இருந்தான். இரண்டாம் நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம் வந்தது. அப்புறம் சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை. ஷெட்டில் பூட்டிக் கிடந்த காரை மரச் சட்டத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். முள் எப்படித் தவறாகக் காட்டும்? ஸ்பிரிங் பழுதா, ஒயர் அறுந்ததா? அவன் என்ஜினைக் காதால் கேட்டே நோய் சொல்லுகிறவன். கரண்டு விஷயம் மட்டும் அவனுக்குப் பேய் பிசாசு மாதிரி. இருக்கிறது என்று தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. சவுரிமுத்துவும் மனுஷன்தானே. அவருக்கும் காரணம் தெரியாமல் போய், யாரோ கை வைத்ததுபோல் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பங்க்கில் நிறுத்தச் சொல்லி, அநேகமாகக் காலியாக இருந்த டேங்கில் ஐந்து கேலன் அளந்து ஊற்றச் சொன்னார் அம்மாள். பன்னிரண்டு கேலன் பிடிக்கிற டேங்க். முள் ஏறக்குறைய முழுசைத் தொட்டது. அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது முள்ளைப் பார்க்காமல் அவனால் வண்டி ஓட்ட முடியவில்லை. ரோடு ஒரு பக்கம் போயிற்று, அவன் கண் ஒரு பக்கம் போயிற்று. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது தண்டவாளத்தில் சக்கரம் ஏறிக் குதித்தது. முள் சரேலென்று பாதிக்கும் கீழே விழுந்தது. பிறகு சோம்பேறி மாதிரி மெல்ல எழுந்து பழைய இடத்துக்குப் போயிற்று. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோதும் அதே மாதிரி விழுந்து எழுந்தது. இன்னொரு பள்ளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவன், எதிரில் வந்த மல்லாட்டை வண்டியின் மாட்டுக் கொம்புக்கு ஒரு சாண் இடைவெளியில்தான் காரைத் திருப்பினான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. முள்ளப் பாக்கறதுக்குத்தான் சவுரிமுத்து இருக்கான்," என்றார் அம்மாள்.

சவுரிமுத்து ரயில்வேயில் எலக்ட்ரிக் வேலை பார்த்து, அதை விட்டு நின்றவர். விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு கொட்டகை போட்டிருந்தார். அவர் வயசும் விருத்தாசலத்தின் வயசுதான். அம்மாளுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தவர் சுற்றி வளைக்கவில்லை. டிரைவர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார்.

"முள்ளு பாதியிலயே நிக்குது, டேங்க்கு காலியாயிடுது. யாராவது கைய வெச்சிருக்காங்களான்னு பாத்துச் சொல்லு."

சவுரிமுத்து விருத்தாசலத்தை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து டார்ச் அடித்தார். நாலு திருகாணிகளைக் கழற்றி, மீட்டரை மெல்ல முன்னால் இழுத்தார். பிறகு அம்மாளைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"இந்தப் பக்கம் பாருங்கம்மா. நூலாம்படை. ஒயரு மேலயும் முள்ளு டப்பா மேலயும் கட்டிக்கினு கெடக்குது. சிலந்தி செத்தே நாளாயிருக்கும். இத அறுக்காம எவனும் முள்ளக் கட்ட முடியாது."

விருத்தாசலம் குனிந்து அந்த நூலாம்படையைத் தானும் ஒரு தரம் பார்த்துக்கொண்டான். ஆனால் அம்மாள், அப்படின்னா ஏன் பொய் சொல்லுது என்றார். அதற்குப் பதில் கிடைக்காதவரை இது முடியாது என்று அவனுக்குப் புரிந்தது.

சவுரிமுத்து பின்னால் போய் டேங்கிலிருந்து ஒயரைக் கழற்றினார். முள் முழுசையும் தாண்டிப் போய் இடித்து நின்றது. அதே ஒயரின் நுனியைப் பம்பரில் பெயிண்ட் இல்லாத ஓர் இரும்பில் வைத்தார். முள் தொப்பென்று காலிக்கு விழுந்தது. இரண்டு மூன்று தரம் வைத்து வைத்து எடுத்தார். முள்ளும் கூடவே போய்ப் போய் வந்தது.

"மீட்டரு நல்லா கீது. ஒயரும் நல்லா கீது. கோளாறு டேங்க்குப் பக்கம்தான்." பிறகு விருத்தாசலத்திடம் திரும்பினார். "அண்ணே, வண்டிய ஓட்றவரு நீங்க. எதுனா பாத்தீங்களா?"

நாலு நாளில் அவனைச் சந்தேகப்படாமல் யாரும் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டையும் பள்ளத்தையும் பற்றிச் சொன்னான். குலுங்கினால் விழுகிறது, நிதானமாகப் போனால் ஏறிக்கொள்கிறது என்றான். சவுரிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"அப்ப முடிஞ்சிது. எங்கியோ தொட்டும் தொடாம கெடக்குது."

டேங்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்கி முள்ளுக்குக் கணக்குச் சொல்கிற மிதவையைக் கழற்றி வெளியே எடுத்தார். ஒயரை அதில் மாட்டி, அதன் தலையிலிருந்து இன்னொரு ஒயரை வண்டி இரும்பில் தொடவைத்து, மிதவையைக் கையால் தூக்கினார், இறக்கினார். முள் சொன்னபடி கேட்டது. திரும்ப டேங்கில் பூட்டியதும் மறுபடியும் பொய். சவுரிமுத்து கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். கத்தியால் எதையோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சிரிப்புச் சத்தம்.

"ஐயய்ய. டேங்க்குக்கு யாருண்ணே மை தீட்னது?"

வெளியே வந்து கத்தி முனையைக் காட்டினார். தோல்போல உரிந்த கறுப்புப் பெயிண்ட். அம்மாளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கரண்டு போவதற்குத்தான் ஒயர். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்புதான் வழி. டேங்க்கும் அதைத் தாங்குகிற பட்டையும் சட்டமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தால்தான் வழி திறந்திருக்கும். இங்கே பட்டையைக் கழற்றி, உள்ளும் புறமும் அடித்து, ஈரத்தோடு திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். திருகாணித் தலையைக்கூட விடவில்லை. பாதி வழி அடைத்துப் போயிற்று. அதனால் இருப்பதைவிட அதிகமாகவே முள் காட்டும். டேங்க் காய்ந்தாலும் பாதி என்றே சொல்லும்.

விருத்தாசலம் கேட்டுக்கொண்டே நின்றான். பூஜைக்குப் பிறகு முள் இறங்கவே இல்லை, வண்டி பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிக்கிறது என்று அவனும் அம்மாளும் எத்தனை தரம் பேசிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். எல்லாம் அவன் குழைத்து அடித்த பெயிண்டின் வேலைதான்.

"பூஜைக்கு அடிச்சிருப்பாங்கம்மா. வருஷா வருஷம் எனக்கு இதுல நாலு வண்டி வரும். சாமிக்குன்னு அடிக்கிறாங்க, கரண்டு திரும்பற எர்த்து செத்துப்போவுது," என்றார் சவுரிமுத்து.

கோவிந்தம்மாள் அவரைப் பார்க்கவில்லை. கத்தி முனையைப் பார்த்தார்.

"நான் பெயிண்டு வாங்கித் தரலியே. இது யாரு பெயிண்டு?"

கைக்காசு போட்டு வாங்கினேன் என்று ஒரு வார்த்தை அவன் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. கறுப்புப் பெயிண்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். யாரும் துருவப் போவதில்லை. பெட்ரோல் பழியும் போய், பக்தியான டிரைவர் என்ற பேரும் மிஞ்சும். வாயைத் திறந்தான். நாலு நாளாக உண்மையைச் சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இன்னும் எத்தனை நாள் நடுங்குவது என்று மலைப்பாக இருந்தது.

"மில்லுப் பெயிண்டுங்க. நான்தான் எடுத்தேன்."

சவுரிமுத்து ஏதோ ஸ்பேனரைத் தேடுகிறவர் மாதிரி கொட்டகைக்குள் போய்விட்டார். அம்மாள் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்புறம், வேலைய முடி சவுரிமுத்து, என்றார். சவுரிமுத்து பட்டையை வெறும் இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டி, டேங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு செப்புக் கம்பியையும் வைத்து முறுக்கினார். முள் இறங்கி இறங்கிக் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. வந்த தூரத்துக்கு அது சரியான கணக்கு.

திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"வீரம்மாவ நிக்கவெச்சிக் கேட்டப்ப நீ எங்க இருந்த?"

"ஸ்டேஷனுக்குப் பார்சல் எடுக்கப் போயிருந்தேங்க."

"வந்தப்பறம்?"

அவன் எதிரில் வந்த ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டு ஒதுங்கினான்.

"பெட்ரோல நீ தொடல. ஒன்ன சந்தேகப்பட்டது என் தப்பு, அத நான் ஒத்துக்கறேன்," என்றார் அம்மாள். "இன்னொண்ணு ஒன்னோட தப்பு. நாளைக்குக் களத்துல எல்லாரும் இருக்கறப்ப நீயே சொல்லிடு. ஒனக்காக நான் சொல்ல மாட்டேன்."

வீட்டில் அன்று சாயங்காலம் அம்சவள்ளியிடம் முதலில் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேட்டுவிட்டு, சோற்றைப் போட்டுத் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். களத்தில் நிற்கவைத்த அன்றைக்குத் தானும் மற்றவர்களோடு சேர்ந்து வீரம்மாளை இரண்டு கேள்வி கேட்டதாக மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் பத்து மணிக்குக் களத்தின் நடுவில் போய் நின்றான். முறத்தோடு முப்பது பெண்கள். கணக்கு மேஜையில் அப்பாதுரை. ஓரத்தில் விளக்குமாற்றோடு வீரம்மாள். அவன் சொன்னது நாலே வாக்கியம். தலையைக் குனிந்தே சொன்னதால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. முன்வரிசை சொல்லித்தான் போய்ச் சேர்ந்தது. ஒருத்தி, மாமனுக்குக் கார்தான் பொண்டாட்டி, அதான் மை வாங்கிப் பூசிட்டாரு, என்றாள். சிரிப்பு களத்தைச் சுற்றி வந்தது. அம்சவள்ளி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பாதுரை மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வீரம்மாளின் மடியை உதறச் சொன்னவர் அவர்தான். கோவிந்தம்மாள் வாசற்படியில் நின்று, வீரம்மாளுக்குப் புடவை எடுத்துவரச் சொன்னார்.

வீரம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

"பொடவ இருக்கட்டும்மா. கட்டிக்கலாம், அவசரம் இல்ல." பிறகு விருத்தாசலத்திடம் சொன்னாள்: "கண்டாச்சிபுரத்துல எம் பொண்ணக் குடுத்திருக்குது. இங்கேர்ந்து ஒருத்தி போயி சொல்லியிருக்கா. ஒங்கம்மா டப்பா திருடுனவதானேன்னு மாமியாக்காரி தெனம் கேக்கறாளாம். நீ இங்க சொன்னது இந்தக் களத்தோட சரி. அங்க யாரு சொல்றது?"

"ஞாயித்துக்கெழம கார எடுத்துக்கினு நீயே கூட்டிக்கினு போ," என்றார் அம்மாள் அவனிடம்.

"காரு வாணாம்மா," என்றாள் வீரம்மாள். "கார்ல வந்து எறங்குனா மொதலாளி அனுப்பி வந்திருக்கான்னுதான் சொல்வாங்க. பஸ்ஸுல வரட்டும். அவருகூட நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய் வேறு பஸ் மாறினார்கள். வீரம்மாள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்றுகொண்டே வந்தான். மற்றவன் ஓட்டுகிற வண்டியில் நிற்பது அவனுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வலது கால் பிரேக்கைத் தேடியது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினான். எங்கிருந்து ஆரம்பிப்பது? கூட்டம் கூடிவிட்டால்? மாப்பிள்ளை கோபக்காரனாக இருந்து கையை ஓங்கிவிட்டால்? வீரம்மாளின் சம்பந்தி வீடு ஊருக்கு வெளியே சேரியில் இருந்தது. அவன் பிறந்ததிலிருந்து அந்த மாதிரி ஒரு தெருவுக்குள் கால் வைத்ததில்லை. தெரு முனையில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டான். வீரம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவன் நடந்தான்.

வீட்டு வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு இவரு?"

"அவரே சொல்லுவாரு," என்றாள் வீரம்மாள்.

பஸ்ஸில் அடுக்கியதெல்லாம் கலைந்துபோயிற்று. ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்தான். துரு, டேங்க், பட்டை, செவ்வாய்க்கிழமை சவுரிமுத்து காட்டியது, பாதியிலேயே நிற்கிற முள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். சம்பந்தியம்மாள் முறத்தை ஒரு தட்டு தட்டினாள்.

"முள்ளு கெடக்கட்டுங்க. டப்பாவ யாரு எடுத்தது?"

"நான்."

"இவ எடுக்கல?"

"அவங்க எடுக்கல. நான்தான் எடுத்தேன். அவங்களக் கேட்டப்ப நான் பேசாம இருந்துட்டேன்."

சம்பந்தியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "பொண்ணே, ஒங்கம்மா வந்திருக்குது. தண்ணி மொண்டுக்கினு வா. கூட வந்தவருக்கும் சேத்து," என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் கேப்பையைப் புடைக்க ஆரம்பித்தாள். உள்ளே குடத்தில் சொம்பு இடிக்கிற சத்தம் கேட்டது.